கன்னத்தின் வழியே எவ்வளவு போகும்?

(கரியாலூரில் மலைக்கிராமத் தன்னார்வலர்கள், செவிலியர்கள், பள்ளி ஆசிரியர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

காலையில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்துவிட்டு அப்படியே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்களைப் பார்க்கிறேன். உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்கலாம், நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் ஊசியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்பதால் தூக்கம் வராது என்று ஒரு நம்பிக்கை.

2008 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. மும்பையைச் சேர்ந்த ஷ்ரேயா லைஃப் சயின்சஸ் என்ற நிறுவனம் ‘ஓரல் ரெகோசுலின்’ என்ற மருந்தை இந்தியாவில் அறிமுகம் செய்தது. வாய்க்குள் பீய்ச்சிக்கொள்ளும் இன்சுலின் அது. ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், கன்னத்தின் உட்புறத்தில் நாலைந்து முறை பீய்ச்சினால் போதும் என்றார்கள். உருவாக்கியது கனடாவின் டொராண்டோவில் இருந்த ஜெனரெக்ஸ் பயோடெக்னாலஜி. 1922இல் உலகிலேயே முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டதும் அதே டொராண்டோவில்தான். ஓரல்-லின் என்ற பெயரில் எக்குவடோர் நாடு 2005இலேயே இந்தப் பீய்ச்சும் இன்சுலினை அனுமதித்திருந்தது. சர்க்கரை நோயாளிகள் அதிகம் உள்ள நம் நாட்டில் அது பெரிய செய்தியாகத்தான் இருந்தது.

இன்று கள்ளக்குறிச்சியில் எந்த மருந்துக் கடையிலாவது அதைக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அந்த மருந்து நிலைக்கவில்லை. வியாபாரக் காரணங்கள் எவ்வளவோ இருந்திருக்கும், அவற்றுக்குள் நான் போகவில்லை. மருந்தியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு காரணமே போதும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் மலையேறி வந்தேன்.

முதலில் கன்னத்தைப் பார்ப்போம். நாக்கால் உங்கள் கன்னத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்கும். அந்தச் சவ்வின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்குள் 40, 50 அடுக்கு உயிரணுக்கள் இருக்கின்றன. கீழ் அடுக்குகளில் அவை உருண்டையாக இருக்கும், மேலே வர வரத் தட்டையாகிவிடும். இந்தப் பக்கம் புல் வேய்ந்த கூரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டையான அணுக்கள் அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. அடுக்குகளின் இடைவெளிகளில் கொழுப்பு பூசியிருக்கிறது. அதுவும் குறிப்பாக மேலே மூன்றில் ஒரு பங்கில்தான் இறுக்கம் அதிகம். அதைத் தாண்டிவிட்டால் கீழே ரத்தக்குழாய்கள் நிறைய. அங்கே சேர்ந்த மருந்து கழுத்துச் சிரை வழியாக நேரே இதயத்துக்குப் போய்விடும், கல்லீரலைத் தொடவே தொடாது.

கல்லீரலைத் தொடாமல் போவது ஏன் பெரிய விஷயம்? விழுங்கும் மருந்து வயிற்று அமிலத்தில் குளித்து, குடலில் நொதிகளிடம் அகப்பட்டு, மிஞ்சியது கல்லீரலில் பாதி சிதைந்து, அதற்குப் பிறகுதான் உடம்புக்குள் போகிறது. இன்சுலின் போன்ற பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்களைச் சரம் கோத்தது போன்ற மருந்துகள், வயிற்றுக்கு வெறும் இறைச்சித் துண்டு மாதிரிதான். ஆட்டுக்கறியை எப்படிச் செரிக்கிறதோ அப்படியே இன்சுலினையும் செரித்துவிடும். அதனால்தான் ஊசி.

கன்னத்தின் வழியே மருந்து போகும் என்பதற்கு நாம் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. வெற்றிலை பாக்கு போடுகிறவருக்கு எப்படி அந்த லேசான கிறுகிறுப்பும் வியர்வையும் வருகிறது? பாக்கில் அரிக்கோலின் என்ற சத்து இருக்கிறது. சுண்ணாம்பு சேரும்போது வாயின் காரத்தன்மை கூடுகிறது. அரிக்கோலின் தன் மின்னேற்றத்தை இழந்து, கொழுப்புப் பூச்சுக்குள் எளிதாக நுழையும் வடிவத்துக்கு வருகிறது. கன்னத்தில் அதக்கி வைக்க வைக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. புகையிலையின் நிக்கோட்டினும் அப்படித்தான். நம் பாட்டிமார்கள் ஆய்வகம் இல்லாமலே கண்டுபிடித்த மருந்து செலுத்து முறை இது. அது என்ன மருந்தைச் செலுத்தியது என்பதற்குப் பிறகு வருகிறேன். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் இதே கதைதான்.

ஆனால் இவையெல்லாம் குட்டிப் பொருட்கள். மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அளவில் சொல்வோம். ஒரு ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ ஒரு டால்டன். அரிக்கோலின் 155. நிக்கோட்டின் 162. சார்பிட்ரேட் 236. இன்சுலின் 5,808. அது மட்டுமா, இன்சுலின் துத்தநாகத்தோடு சேரும்போது ஆறு ஆறாகக் கூடிக்கொள்ளும் பழக்கம் உடையது. அப்போது 35,000 டால்டன் அளவுக்கு வந்துவிடும். 500 டால்டனைத் தாண்டினாலே இந்தச் சவ்வு முகம் சுளிக்க ஆரம்பித்துவிடும்.

இங்கே வந்ததும் ஒருவர் என்னிடம் கேட்டார்: பாம்புக்கடி மருந்தை இப்படி வாயில் வைக்கிற மாதிரி செய்ய முடியாதா சார், மலையிலிருந்து இறங்குவதற்குள் உயிர் போகிறதே என்று. நியாயமான கேள்வி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பின் நஞ்சை எடுத்துக் கொடுக்கிறது. அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதத்திலிருந்து செய்வதுதான் அந்த மருந்து. அதன் எடை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டால்டன் அளவில் இருக்கும். ஒரு தடவைக்கு எட்டுப் பத்துக் குப்பிகள் தேவை. கன்னத்தின் வழியே அது போகாது. நரம்பில் ஏற்றுவதுதான் வழி, அதற்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். இதில் நான் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

சரி, ஓரல்-லின்காரர்கள் 5,808 டால்டனை எப்படி உள்ளே தள்ளினார்கள்? சோப்பு எண்ணெயைச் சுற்றிக்கொள்வது போல இன்சுலினைச் சுற்றிக்கொள்ளும் நுண்ணிய துளிகளைச் செய்து, அவற்றை வேகமாகப் பீய்ச்சினார்கள். உள்ளே போனது என்னவோ உண்மை. ஒரு பீய்ச்சலில் 10 யூனிட் இன்சுலின், அதில் ரத்தத்தில் சேர்ந்தது ஏறத்தாழ ஒரு யூனிட். மிச்சம் ஒன்பதும் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்ச் செரித்துவிடும். பத்தில் ஒன்பது வீண் என்றால் நமக்கு வயிறு எரிகிறது. ஆனால் நண்பர்களே, வீணாவது பெரிய குற்றமில்லை. பணம் கூடுதலாகும், அவ்வளவுதான். பத்தில் ஒன்று ஒழுங்காக, தினமும், எல்லோருக்கும் பத்தில் ஒன்றாகவே போகுமானால் நான் அந்த மருந்துக்கு மாலை போடுவேன்.

அது அப்படிப் போகாது. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. புளி என்ற சொல்லைக் கேட்டாலே ஊறும். பீய்ச்சியவுடன் யாராவது கூப்பிட்டால் பதில் சொல்கிறோம், பேச்சோடு விழுங்கிவிடுகிறோம். காலையில் சூடாகக் காபி குடித்த வாய் வேறு, சாயங்காலம் வறண்டு கிடக்கிற வாய் வேறு. ஒரு நாள் பத்தில் ஒன்று போனது மறுநாள் இருபதில் ஒன்று போகும், அதற்கடுத்த நாள் ஐந்தில் ஒன்று. அப்படி ஐந்தில் ஒன்று போன நாளில் அந்த மனிதருக்குச் சர்க்கரை தாறுமாறாக இறங்கும். கை நடுங்கும், கண் இருட்டும். அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு, சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு குக்கிராமத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கும் செவிலியர்களுக்கு நன்றாகத் தெரியும். தோலுக்கடியில் ஊசி போட்டாலும் நாளுக்கு நாள் கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சமாளிக்கக்கூடிய ஏற்ற இறக்கம்.

எவ்வளவு போகிறது என்பதைவிட ஒவ்வொரு முறையும் ஒரே அளவு போகிறதா என்பதுதான் கன்னத்து வழியின் முழுச் சிக்கலும். இதை ஆய்வாளர்கள் சொல்லமாட்டார்கள் என்றில்லை, சொல்வார்கள். ஆனால் செய்தியில் வரும்போது ‘பல மடங்கு உறிஞ்சப்பட்டது’ என்ற வரிதான் தலைப்பில் நிற்கிறது.

இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. பிரசவம் பார்த்தவர்களுக்கு ஆக்சிடோசின் தெரியும். ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் பெப்டைடு. வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்கர் 1953இல் அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார், 1955இல் நோபல் பரிசும் பெற்றார். எடை 1,007 டால்டன். இன்சுலினில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதனால் 1960களில் மேலைநாட்டு மருத்துவமனைகளில் அதை மாத்திரையாகச் செய்து, பிரசவ வலி வரவழைக்கத் தாய்மாரின் கன்னத்தில் வைத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கைத் தடுக்க நாம் இன்று போடும் ஊசி 10 யூனிட். அவர்கள் கன்னத்தில் வைத்த ஒரு மாத்திரையில் 200 யூனிட் இருந்தது. அதில் சிறு பங்குதான் உள்ளே போகும் என்ற கணக்கு. வலி அதிகமானால் துப்பிவிடு, வாயைக் கொப்பளி என்று சொல்லிக் கொடுத்தார்கள். துப்பிய பிறகும் சவ்வுக்குள் ஏற்கனவே தேங்கியிருப்பது உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். கருப்பை இறுகிவிட்டால் குழந்தைக்கு மூச்சு முட்டும். ஒருத்திக்கு ஒன்றுமே நடக்காது, அடுத்த கட்டிலில் படுத்திருப்பவளுக்குத் தாங்க முடியாத வலி. நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் வேண்டும்போது கூட்டலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். அந்த முறை நிலைபெற்றதும் கன்னத்து மாத்திரை வழக்கொழிந்தது.

ஆக்சிடோசினைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பாகிவிடும். ஊசி இல்லாமல் செய்தால் மலைக்கு நல்லது என்று சொல்பவர்கள் இரண்டு பிரச்சினைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஊசி குத்தப் பயிற்சி பெற்றவர் இல்லை என்பது ஒன்று, குளிர்பதனப்பெட்டி இல்லை, மின்சாரம் நிற்கிறது என்பது இன்னொன்று. கன்னத்து வழி முதல் பிரச்சினைக்குத்தான் பதில். பெப்டைடு எந்த வழியாகப் போனாலும் பெப்டைடுதான், வெயிலில் வைத்தால் கெடும். வெப்பத்தைத் தாங்குவதற்கு மூலக்கூறையே மாற்ற வேண்டும், அல்லது நீர் நீக்கி உலர்த்திக் கொடுக்க வேண்டும். கார்பெடோசின் என்ற உறவுக்கார மருந்தை வெப்பம் தாங்கும் வடிவில் செய்து, இந்தியா உட்பட 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 தாய்மாரிடம் உலக சுகாதார நிறுவனம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கைத் தடுப்பதில் ஆக்சிடோசினுக்கு அது குறைந்ததாக இல்லை. அதுவும் ஊசிதான். ஆனால் மலைக்கு அதிகம் உதவுவது, வாயில் வைக்கும் ஆக்சிடோசினைவிட, குளிர்பதனம் கேட்காத இந்த ஊசிதான் என்பது என் கட்சி.

இப்போது புதிய செய்திக்கு வருகிறேன். 2023 செப்டம்பரில் சூரிச் நகரத்து ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் ஜான்-கிறிஸ்டோஃப் லெரூவின் குழு ஒரு சின்ன ரப்பர் கிண்ணத்தைப் பற்றி எழுதியது. அகலம் ஒரு சென்டிமீட்டர், உயரம் அதிலும் குறைவு. ஆக்டோபஸின் கையில் இருக்கும் உறிஞ்சிகளைப் பார்த்துச் செய்தது. நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்பார்களே, அதேதான். கிண்ணத்துக்குள் மருந்தை வைத்து, இரண்டு விரலால் அழுத்திக் கன்னத்தில் ஒட்டிவிட வேண்டும். விரலை எடுத்ததும் அது சவ்வைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இழுபட்ட சவ்வு மெலிகிறது, அடுக்குகள் விலகுகின்றன. கூரைப் புல்லை இரண்டு கையாலும் விலக்கினால் மழை ஒழுகுவது மாதிரி. அதோடு அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் கொழுப்பைத் தளர்த்தும் ஒரு துணைப்பொருளையும் சேர்த்தார்கள். இழுப்பது மட்டும் போதவில்லை, துணைப்பொருள் மட்டும் போதவில்லை, இரண்டும் சேர்ந்தபோது நாய்களின் ரத்தத்தில் டெஸ்மோபிரெசின் என்ற பெப்டைடு, விழுங்கும் மாத்திரையைவிடப் பன்மடங்கு சேர்ந்தது. ஏன் நாய், எலி கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். எலியின் கன்னத்து உட்சவ்வு நம் உள்ளங்கைத் தோல் மாதிரி கெட்டிப்பட்டது. மனிதருக்கு நெருக்கமான கன்னம் நாய்க்கும் பன்றிக்கும்தான். பிறகு மருந்து இல்லாத கிண்ணத்தை 40 பேர் தங்கள் வாயில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஊசியைவிட இது தேவலை என்றார்கள். அதைக் கேட்க ஆராய்ச்சி வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது, ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு இந்தக் கிண்ணத்தில் பிடித்தது அதன் உறிஞ்சும் வேகம் அல்ல. எச்சில் உள்ளே வராது, மருந்து வெளியே போகாது, நாக்கு தொடாது. பீய்ச்சியைப் போல வாய் முழுக்க இறைக்காமல், இவ்வளவு இடத்தில், இவ்வளவு நேரம் என்று ஒரு வரம்பு வைக்கிறது. மாறுபாடு குறைவதற்கு வாய்ப்பு இருக்கிறது. உறுதியாகக் குறைந்ததா என்பதை ஆயிரக்கணக்கான மனிதர்களிடம் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும்.

எந்த மருந்தை முதலில் இந்த வழியில் அனுப்பலாம்? இன்சுலினைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள், நான் அதைக் கடைசியில் வைப்பேன். ரத்தத்தில் கலந்த இன்சுலின் சில நிமிடங்களில் பாதியாகிவிடும். அதனால் ஒவ்வொரு வேளையின் பிழையும் அந்த வேளையிலேயே தெரிந்துவிடும். ஆக்சிடோசினும் அப்படித்தான். இதற்கு நேர்மாறாக செமாக்ளூடைடைப் பாருங்கள். சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் இப்போது பெரிதாகப் பேசப்படும் மருந்து, எடை 4,114 டால்டன். இதை விழுங்கும் மாத்திரையாக 2019இல் அமெரிக்கா அனுமதித்தது. வயிற்றில் உறிஞ்சப்படுவது வெறும் நூற்றுக்கு ஒன்று, அதுவும் நாளுக்கு நாள் மாறும். வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீரோடு, அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இவ்வளவு மோசமான வழியில் போகும் மருந்து எப்படி வேலை செய்கிறது? அது உடம்பில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகிறது. திங்கட்கிழமை அதிகம் போனது, செவ்வாய்க்கிழமை குறைவாகப் போனது எல்லாம் ரத்தத்தில் ஏற்கனவே சேர்ந்து கிடக்கும் இருப்போடு கலந்து சமமாகிவிடுகிறது. சூரிச்சுக்காரர்கள் தங்கள் கிண்ணத்தில் செமாக்ளூடைடையும் வைத்துப் பார்த்ததில் எனக்கு வியப்பில்லை. உறிஞ்சுதல் அந்த மாத்திரையின் அளவுக்குத்தான் வந்தது. ஆனால் பொருத்தமான மருந்தைத் தேர்ந்திருக்கிறார்கள்.

டெஸ்மோபிரெசின் இன்சுலினுக்கும் செமாக்ளூடைடுக்கும் நடுவில் இருக்கிறது. சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும் ஒரு வகை நோய்க்கும், படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பது. அளவு கூடினால் ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து வலிப்பு வரும். மூக்கில் பீய்ச்சும் டெஸ்மோபிரெசினைப் படுக்கை நனைக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னதற்கு இதுதான் காரணம். மூக்குக்கு நடந்தது கன்னத்துக்கு நடக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஒரு கிளைச் செய்தி. உங்கள் வீட்டில் புளி உடைக்கும்போது கொட்டையைத் தூர எறிகிறீர்களே, அதிலிருந்து எடுக்கும் ஒரு வகைப் பசை ஈரமான சவ்வில் நன்றாக ஒட்டும். ஐரோப்பாவில் கண் வறட்சிக்குப் போடும் சொட்டு மருந்தில் அது சேர்கிறது. கன்னத்தில் ஒட்டும் மருந்துத் தகடுகளுக்கும் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒட்டுவது வேறு, ஊடுருவுவது வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பசை மருந்தை அங்கேயே பிடித்து வைக்கும், உள்ளே தள்ளாது.

பாக்கு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன் என்றேன். பாக்கைத் தொடர்ந்து மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்துச் சவ்வின் அடியில் நார் நாராகப் புரதம் சேர்ந்து இறுகிப்போகும். காரம் பட்டால் எரியும், வாய் முழுதாகத் திறக்காது. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் இதை விவரித்தார், மறுவருடம் ஜோஷி என்ற மருத்துவர் மும்பையில் விவரித்தார். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013இல் தடை வந்தது. தடைக்குப் பிறகும் பெட்டிக்கடையில் என்ன தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இப்படி இறுகிப்போன கன்னத்தில் அந்தக் கிண்ணம் என்ன செய்யும்? இழுபடாத சவ்வை எப்படி இழுக்கும்? இந்த நோயில் மேலடுக்கு மெலிந்தும் போகிறது, அதனால் சிலருக்கு மருந்து தேவைக்கு அதிகமாகவே உள்ளே போகலாம். அடியில் ரத்தக்குழாய்கள் நசுங்கிவிடுவதால் வேறு சிலருக்குப் போகாமலும் இருக்கலாம். சுண்ணாம்பு பட்டுப் புண்ணான கன்னம், பொய்ப்பல் உரசிய கன்னம், கடுக்காய் மென்று துவர்த்துச் சுருங்கிய கன்னம், ஒவ்வொன்றும் வேறு வேறு அளவுகோல். சூரிச்சில் கிண்ணத்தை வைத்துப் பார்த்த 40 பேரும் ஆரோக்கியமானவர்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நமக்கு உண்டு. சர்க்கரை நோய் இருக்கும் வயதும் வெற்றிலை பாக்கு போடும் வயதும் நம் ஊரில் ஒன்றேதான்.

சிறுவங்கூரில் 2022இல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அங்கே படிக்கும் பிள்ளைகள் யாராவது ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடினால் இதைச் சொல்லுங்கள்: நம் மக்களின் கன்னத்துச் சவ்வு எந்த வயதில், எந்தப் பழக்கத்தில் எவ்வளவு தடிமன், எவ்வளவு நெகிழ்ச்சி. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பல் மருத்துவரும் பொறுமையும் போதும். கன்னத்து மருந்து என்று ஏதாவது ஒன்று பெட்டி பெட்டியாக இந்த மலைக்கு ஏறி வரும் நாளில், அதைப் பாக்கு போடுகிறவர்களிடமும் சோதித்தார்களா, அவர்களுக்கு அளவு எவ்வளவு மாறியது என்று செவிலியர்கள் கேட்க வேண்டும். பதில் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இல்லையென்றால், பெட்டியைப் பிரிக்காமல் வைத்துவிட்டு மருத்துவ அலுவலருக்கு எழுதுங்கள்.